குழித்தறியை உடலுக்கேற்ப அமைத்தல்

குழித்தறி என்பது, நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை இயக்கும் வகையில் அமைந்த கைத்தறி ஆகும். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணியிலும், சுற்றியுள்ள சேவூர், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய ஊர்களிலும் பட்டுச் சேலைகள் இவ்வகைத் தறிகளில் நெய்யப்பட்டு வந்துள்ளன. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அந்தச் சேலையின் நயத்தைப் பேசுபவர்கள், அதை நெய்பவர் அமர்ந்திருக்கும் பலகையின் உயரத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

குழி தோண்டுவதற்குக் காரணங்கள் உண்டு. தறியின் கம்பங்களைத் தரையிலேயே ஊன்றிவிடலாம். தனிச் சட்டம் தேவைப்படாது. கூரை தாழ்வான வீட்டிலும் தறி அடங்கும். பாவு தரைக்கு அருகில் இருப்பதால் மண்ணின் ஈரப்பதம் இழையை முறுகாமல் காக்கும். இந்த நன்மைகள் எல்லாம் தறிக்கும் நூலுக்கும் உரியவை. நெசவாளரின் உடலுக்கு நன்மை வேண்டுமானால் அளவுகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

உழைப்பின் அளவு

ஓர் அங்குலத்தில் 50 ஊடை இழைகள் என்று குறைவாகவே கொண்டாலும், ஐந்தரை மீட்டர் சேலைக்கு 10,000-க்கு மேற்பட்ட ஊடைகள் தேவை. ஒவ்வோர் ஊடைக்கும் மிதியை ஒருமுறை மிதித்து, நாடாவை ஒருமுறை ஓட்டி, பலகையால் ஒருமுறையாவது அடிக்க வேண்டும். மிதி இரண்டு விரற்கடை தள்ளியிருந்தால் ஒருமுறை மிதிக்கும்போது தெரியாது. பத்தாயிரம் முறை மிதிக்கும்போது இடுப்பில் தெரியும்.

வேலையை மனிதனுக்குப் பொருத்துவது பற்றிய துறை பணிச்சூழலியல் எனப்படும். இதற்கு அடிப்படையான 'எர்கோனமிக்ஸ்' என்ற சொல்லைப் போலந்து அறிஞர் யாஸ்ட்செம்போவ்ஸ்கி 1857-இல் பயன்படுத்தினார். மரத்தில் சித்திரம் அறுக்கும் ரம்ப மேசைக்கும், தையல் இயந்திரத்துக்கும், தறிக்கும் இத்துறை சொல்லும் விதி ஒன்றே: முதலில் கைக்குரிய உயரத்தை முடிவு செய்து, அதன் பிறகு காலுக்குரிய உயரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

கை முதலில், கால் பிறகு

நெசவாளர் நிமிர்ந்து அமர்ந்து, தோளைத் தளரவிட்டு, முழங்கையை மடக்கும்போது முன்கை தரைக்கு இணையாக இருக்கும். புதிய ஊடை வந்து சேரும் இடம் அந்த உயரத்திலோ, கண்ணுக்கு வேலை அதிகமான நுண்ணிய புட்டா நெய்யும்போது சற்று மேலாகவோ இருப்பது நல்லது. அதைவிடத் தாழ்ந்திருந்தால் முதுகு வளையும். மிக உயர்ந்திருந்தால் தோள்கள் நாள் முழுதும் தூக்கியபடியே நிற்கும். நெய்த சேலை சுருளும் படமரம் தொடையில் இடிக்காதபடி இடைவெளியும் வேண்டும்.

இதற்கேற்ப அமரும் பலகையின் உயரம் முடிவானபின் மிதிக்கு வரலாம். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால்வரை 42 செ.மீ. உள்ள ஒருவருக்கு, முழுதும் அழுத்திய மிதி குழியின் தரையிலிருந்து 5 செ.மீ. மேலே நிற்குமானால், பலகையிலிருந்து குழித்தரை ஏறத்தாழ 47 செ.மீ. ஆழத்தில் இருந்தால் போதும். குழி இதைவிட ஆழமானால் கால் எட்டாமல், பலகையின் விளிம்பு தொடையின் அடியில் அழுந்தி மரத்துப்போகும். ஆழம் குறைந்தால் முழங்கால் படமரத்தில் முட்டும். பலகையின் முன்விளிம்பை இழைத்து உருட்டிவிடுவது தச்சருக்குச் சிறு வேலைதான். ஆனால் அது செய்யப்படாத தறிகள் பல.

சிக்கல் பெரும்பாலும் ஆள் மாறும்போது எழுகிறது. தறி ஒரு குடும்பச் சொத்து. உயரமான கணவருக்கு வெட்டிய குழியில் மனைவி அமர்ந்து நெய்கிறார். தந்தையின் தறியில் மகன் பழகுகிறான். இதற்காகக் குழியை மாற்ற வேண்டியதில்லை. உயரம் குறைந்தவர் அமரும்போது பலகையின் மேல் இன்னொரு பலகையோ கெட்டியான மெத்தையோ வைத்து முழங்கையை உரிய உயரத்துக்குக் கொண்டுவரலாம். பிறகு மிதியின் கயிற்றைச் சுருக்கிக் கட்டி, மிதியின் பின்முனைக்கு அடியில் கட்டை வைத்து, மிதியைக் காலுக்கு ஏற்றிக் கொடுக்கலாம். சில நிமிடங்களில் முடியும் இந்த வேலையைச் செய்யாமல், எட்டி எட்டி மிதித்தே பல ஆண்டுகளைக் கழித்தவர்கள் உண்டு.

தூரமும் ஒரு முக்கியமான அளவு. நெய்ய நெய்ய ஊடை சேரும் இடம் நெசவாளரை விட்டு விலகிப் போகும். நெய்த துணியைப் படமரத்தில் அடிக்கடி சுற்றிக்கொண்டால் நிமிர்ந்தே இருக்கலாம். நேரத்தை மிச்சப்படுத்தச் சுற்றாமல் விட்டால், உடல் முன்னே சாய்ந்துகொண்டே போகும். அடிக்கும் விசையும் மாறுவதால் துணியின் சீரும் கெடும்.

வெளிச்சம்

தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியும் தொங்கும் கயிறுகளும் மேல்வெளிச்சத்தை மறைத்துவிடும். நேர் எதிரே விளக்கைத் தொங்கவிட்டால் பட்டும் சரிகையும் பளபளத்துக் கண் கூசும். பக்கவாட்டிலிருந்து, மறைப்பு வைத்த விளக்கே ஏற்றது. ஓட்டுக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகளைப் பதித்து, சுவருக்கு வெள்ளை அடித்தால் பகலில் மின்சாரம் இல்லாதபோதும் இழை தெரியும். பாவும் ஊடையும் ஒரே கருநிறமாக இருக்கும் சேலைக்கு இது மிக அவசியம்.

ஜக்கார்டும் மழைக்காலமும்

ஜக்கார்டு பொருத்திய தறியில், அதைத் தூக்கும் மிதிதான் மற்றவற்றைவிடக் கனமானது. அந்தச் சுமையை ஒரே கால் நாள்தோறும் தாங்குகிறது. மிதிக்குப் பதிலாகச் சிறு மோட்டாரால் பெட்டியைத் தூக்கும் அமைப்பு இச்சுமையைக் குறைக்கும். மத்திய அரசு 2016-இல் தொடங்கிய 'ஹத்கர்கா சம்வர்தன் சஹாயதா' திட்டத்தில், தறிக்கும் இத்தகைய துணைக்கருவிகளுக்கும் ஆகும் விலையில் 90 விழுக்காட்டை அரசு ஏற்று, மீதியைப் பயனாளி செலுத்தும்படி விதிக்கப்பட்டது.

மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறும். செங்கல் கட்டிச் சிமெண்டு பூசிய குழியில் ஊற்று குறையும். அடியில் மரப்பலகை விரித்தால் பாதம் சில்லிடாது. நீர் அடங்காத இடங்களில் கம்பங்களை உயர்த்தி, குழி இல்லாத சட்டத்தறியாக மாற்றிக்கொள்ளலாம். முழங்கால் வலி உள்ள முதியவர்களுக்கும் இது நல்லது. குழியில் இறங்கி ஏற வேண்டியிராது. ஆனால் மாற்றும்போது பலகை, படமரம், மிதி மூன்றையும் மறுபடி அளக்க வேண்டும். பழைய குழியின் அளவுகளை அப்படியே மேலே தூக்கி வைத்தால் பழைய வலியும் கூடவே வரும்.