கொழுப்பு நீக்க அறுவை சிகிச்சை: தழும்பு எப்போது இயல்பு, எப்போது ஆபத்து?



காஞ்சிபுரம் உட்கார்ந்து உழைக்கும் ஊர். தறிக்குழியில் கால்களை இறக்கி நாள் முழுவதும் நெய்பவர்கள், பட்டுக் கடைகளில் காலை முதல் இரவு வரை கணக்குப் பார்ப்பவர்கள், வீட்டுக்குள்ளேயே வேலை முடிந்துவிடும் பெண்கள் என எல்லா வீடுகளிலும் வயிற்றுச் சதையைப் பற்றிய கவலை இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு தொங்கும் வயிற்றுக்காகவும், நிக்காஹ் நெருங்குகிறது என்பதற்காகவும் சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னைக்குச் சென்று கொழுப்பு நீக்க அறுவை சிகிச்சை செய்துகொள்வோர் நம்மிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் இது யாருக்கும் சொல்லாமல் நடக்கிறது. அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுகிறார்கள். அதன் பிறகு கண்ணாடி முன் நின்று தழும்பைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

நாம் இங்கே சொல்ல வருவது ஒன்றுதான். தழும்பு மெதுவாக வளர்வது, அதற்கு நிதானமாக வைத்தியம் பார்க்கலாம். உயிருக்கு ஆபத்தானவை சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வருபவை. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்த ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சையில் என்ன நடக்கிறது?

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறையில் தோலில் சில மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளைகள் போடுகிறார்கள். மரத்துப்போகும் மருந்தும், இரத்தக் கசிவைக் குறைக்கும் மருந்தும் கலந்த உப்பு நீரை உள்ளே செலுத்துகிறார்கள். பிறகு மெல்லிய குழாய் வழியாகக் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். இந்த நீர்முறையை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987-ல் விளக்கினார். வெளியே தெரியும் காயம் சிறியது. ஆனால் தோலுக்கு அடியில் குழாய் சென்ற இடமெல்லாம் காயம்தான்.

தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி எடுத்துத் தைப்பது வேறு சிகிச்சை. அதில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை நீண்ட தழும்பு கட்டாயம் இருக்கும். "தழும்பே இருக்காது" என்று ஒருவர் விளம்பரம் செய்தால், அங்கேயே சந்தேகப்பட வேண்டும். தோலின் முழு ஆழத்துக்கும் வெட்டினால் தழும்பு விழும். அது எவ்வளவு மெல்லியதாக ஆறும் என்பதில்தான் வித்தியாசம்.

இவை இயல்பானவை

முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குத் துளைகள் வழியாக இளஞ்சிவப்பு நீர் வடியும். செலுத்திய நீர்தான் வெளியே வருகிறது. கன்றிப்போன நீல நிறம் இரண்டு, மூன்று வாரங்களில் மறையும். வீக்கம் குறைய 6 வாரங்கள் முதல் 3 மாதங்கள் வரை ஆகலாம். தோல் மரத்திருப்பதும், கை வைத்தால் உள்ளே கட்டி கட்டியாகத் தட்டுப்படுவதும் சில மாதங்கள் நீடிக்கலாம்.

தழும்பு முதல் ஓரிரு மாதங்களில் சிவந்து, தடித்து, அரிக்கும். பலர் பயப்படுவது இந்தக் கட்டத்தில்தான். பிறகு அது மெல்ல மங்கித் தட்டையாகும். முழுமையாக முதிர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். எனவே கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் முன்னால் அறுவை சிகிச்சை செய்துகொள்பவர், தழும்பு மிக மோசமாகத் தெரியும் நேரத்தைத் தாமே தேர்ந்தெடுக்கிறார் என்று பொருள்.

தழும்பு தடித்தால்

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் தழும்பு தடித்து மேடாகும், ஆனால் வெட்டிய எல்லைக்குள்ளேயே நிற்கும். காலப்போக்கில் தானாகவே ஓரளவு தணியலாம். இரண்டாவது வகை கெலாய்டு. இது காயத்தின் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் படரும். அரிப்பும் வலியும் இருக்கும். காயம் ஆறிப் பல மாதங்கள் கழித்தும் தொடங்கலாம்.

நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் கெலாய்டு அதிகம் வரும். குடும்பத்திலும் தொடரும். காது குத்திய இடத்தில் உருண்டையாகச் சதை வளர்ந்ததா? புஜத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடம் தடித்துப் படர்ந்திருக்கிறதா? பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ அப்படி இருக்கிறதா? அறுவை சிகிச்சைக்கு முன்பே இதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தேவையில்லாத அறுவை சிகிச்சையைத் தவிர்க்க இந்த ஒரு காரணமே போதுமானதாக இருக்கலாம்.

காயம் முழுவதும் மூடிய பிறகு சிலிக்கான் ஜெல் அல்லது சிலிக்கான் பட்டையை மருத்துவர் சொன்னபடி சில மாதங்கள் விடாமல் பயன்படுத்துவது முதல் வைத்தியம். அடங்காவிட்டால் தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தேவைப்பட்டால் லேசர் உண்டு. கெலாய்டை வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் மறுபடி வளரும், முன்பைவிடப் பெரிதாகவும் வளரலாம்.

துளை போட்ட இடங்கள் கரும்புள்ளியாக நிற்பதும் நம் தோலில் சகஜம். வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் பல மாதங்களில் மங்கும்.

வயிற்றில் தையல் போட்டவர்கள் சுமார் 6 வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது. தறியில் உட்காருபவர்கள் மருத்துவரிடம் தம் வேலையை விளக்கிச் சொல்ல வேண்டும். நெய்த துணியைச் சுற்றும் மரம் வயிற்றை ஒட்டி இருக்கும். முன்னால் குனிந்து எட்டுவதும், மிதியை மிதிப்பதும் தையலை இழுக்கும். இழுபடும் தழும்பு அகலமாகும். "வேலைக்குப் போகலாமா" என்று மட்டும் கேட்டால், மேசை வேலை என்று நினைத்து அனுமதித்துவிடுவார்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

* மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம். இரத்தக் கட்டியோ கொழுப்போ நுரையீரலை அடைத்திருக்கலாம்.
* ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலிப்பது.
* 101 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்கு மேல் காய்ச்சல், நடுக்கம்.
* நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டே போவது. வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாமல் உள்ளே தாங்க முடியாத வலி இருந்தால் அது மிக ஆபத்தான தொற்றின் முதல் அடையாளமாக இருக்கலாம்.
* சிவப்பு பரவுவது, தோல் கறுப்பது, கொப்புளம், துர்நாற்றமுள்ள சீழ்.
* வயிறு கல்லைப் போல இறுகி வாந்தி வருவது. குழாய் குடலைக் குத்தியிருக்க வாய்ப்புண்டு.
* குழப்பமான பேச்சு, மயக்கம், சிறுநீர் குறைவது, நிற்காத இரத்தம்.
* முதல் நாளில் வாய் ஓரம் மரத்துப்போவது, காதில் இரைச்சல், உடல் உதறல். மரத்துப்போகும் மருந்து உடலில் அளவு மீறியதைக் காட்டலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் காயம் ஆறுவது தாமதமாகும், தொற்று எளிதில் வரும். 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்க வேண்டாம். காஞ்சிபுரம் அரசு மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என எது அருகில் இருக்கிறதோ அங்கே செல்லுங்கள். அறுவை செய்த மருத்துவரின் கிளினிக்கைத் தேடி இரண்டு மணி நேரம் பயணம் செய்வதைவிட அது மேல். எந்த நாளில் என்ன அறுவை சிகிச்சை நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வாரங்கள் கழித்து வரும் தொல்லை

நன்றாக ஆறிய துளை ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து மறுபடி சிவந்து, முடிச்சு முடிச்சாக வீங்கி, நீர் கசிந்தால் அதைச் சாதாரணத் தழும்பு என்று விடக் கூடாது. காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் சில தண்ணீரில் வாழ்பவை. கருவிகள் சரியாகக் கிருமி நீக்கம் செய்யப்படாத இடங்களில் இவை உடலுக்குள் நுழைகின்றன. 2003, 2004-ம் ஆண்டுகளில் டொமினிக்கன் குடியரசுக்குச் சென்று அழகு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அமெரிக்கப் பெண்களிடம் இந்தத் தொற்று கண்டறியப்பட்டது. வழக்கமான ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் இதற்குப் பலன் தராது. மருந்துக் கடையில் மாற்றி மாற்றி மாத்திரை வாங்குவதை விட்டுவிட்டு, சீழை எடுத்துக் கிருமிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். சிகிச்சை பல மாதங்கள் நீளும், ஆனாலும் குணமாகக் கூடியது.

செய்யக் கூடாதவை

திறந்த காயத்தில் மஞ்சள், எண்ணெய், எலுமிச்சை எதுவும் வைக்கக் கூடாது. மரத்துப்போன தோலில் வெந்நீர்ப் பை வைத்தால் சூடு தெரியாமல் வெந்துவிடும். வீக்கத்தை எடுக்கிறோம் என்று அந்த இடத்தில் ஹிஜாமா செய்யக் கூடாது. ஆறாத திசுவில் புதிய கீறல்கள் போடுவது கிருமிக்கு வாசல் திறப்பதாகும். அறுவை முடிந்த கையோடு உம்ராவுக்கு விமானம் ஏறுவதும் கூடாது. நீண்ட நேரம் அசையாமல் உட்கார்வது காலில் இரத்தம் கட்ட வழிவகுக்கும்.

"ஊசியிலேயே கொழுப்பு கரையும்" என்ற விளம்பரங்களிலும் கவனம் தேவை. அங்கீகரிக்கப்படாத இத்தகைய ஊசிகளால் நிரந்தரத் தழும்பும் கடும் தொற்றும் ஏற்படுவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 டிசம்பரில் எச்சரித்தது.

மறைப்பதால் வரும் விபரீதம்

2022 மே மாதம் பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்க அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து இறந்தார். வயது 21. பெற்றோருக்குச் சொல்லாமல் சென்றிருந்தார் என்று அப்போது செய்திகள் வெளியாயின. 2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த பம்மலில், தனியார் மருத்துவமனை ஒன்றில் உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அது கொழுப்பை உறிஞ்சும் முறையல்ல, வேறு வகை அறுவை. தமிழக அரசு விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் பதிவை நிறுத்திவைத்தது.

எனவே போகும் முன் சிலவற்றை உறுதி செய்ய வேண்டும். மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா? மருத்துவமனை தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா? மயக்க மருந்து நிபுணரும் அவசரச் சிகிச்சை வசதியும் உண்டா? இரவில் அழைத்தால் எடுப்பவர் யார்? 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சுவது பெரிய அளவாகக் கருதப்படுகிறது, அதற்கு இரவு தங்கிக் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அழகுக்காக மட்டும் அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிப்பில் வருகிறது. அதே நேரம், குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தால் மூக்கு வைத்துக்கொள்ள அனுமதி அளித்ததும் ஹதீஸில் உண்டு. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடி எடுத்த முடிவில் இதைத் தெளிவுபடுத்தியது. உடல் எடை நோயின் நிலையை அடைந்து, அறுவையைத் தவிர வேறு வழி இல்லாமல், தீங்கு வராது என்ற நிபந்தனையும் நிறைவேறினால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது உள்ளிட்ட அறுவை சிகிச்சை கூடும் என்றது.

காயத்தோடு தொழுபவர்களுக்கும் வழி இருக்கிறது. கட்டைப் பிரித்தால் தீங்கு என்றால் அதன் மேல் ஈரக் கையால் மஸஹ் செய்யலாம், தண்ணீரே ஆகாது என்றால் தயம்மும் இருக்கிறது. குனிய முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். வழிந்தோடும் இரத்தம் ஹனஃபி மத்ஹபில் உளூவை முறிக்கும், ஷாஃபி மத்ஹபில் முறிக்காது. தொடர்ந்து கசிபவர் தம் பள்ளி இமாமிடம் கேட்டு நடந்துகொள்ளட்டும்.

தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானபோது, உடனிருந்தவர்கள் அறியாமல் குளிக்கச் சொல்ல, அவர் இறந்துபோனார். அதைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபப்பட்டார்கள், தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்றார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இந்த நிகழ்ச்சி நம் வீடுகளுக்கும் பொருந்தும்.

நம் வீட்டுப் பெண்ணோ பையனோ நம்மிடம் சொல்லாமல் இந்த அறுவையைச் செய்துகொண்டு வந்து, மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்திருக்கலாம். அப்போது "யாரைக் கேட்டுப் போனாய்?" என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. திட்டுவார்கள் என்ற பயத்தில் இன்னும் ஒரு நாள் மறைத்தால் அந்த ஒரு நாளே உயிரைப் பறிக்கலாம். கூடுமா கூடாதா என்பதைக் குணமான பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் காயத்தைப் பாருங்கள், வண்டியை எடுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், கொடுத்த உடலைப் பேணும் அறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.