அறிவுரையா, அச்சுறுத்தலா?



தமிழில் 'வேண்டும்' என்னும் ஒரே சொல் பல பணிகளைச் செய்கிறது. 'தண்ணீர் வேண்டும்' என்பதில் அது விருப்பம். 'மருத்துவரைப் பார்க்க வேண்டும்' என்பதில் அறிவுரை. 'வரி கட்ட வேண்டும்' என்பதில் கட்டாயம். ஆங்கிலத்திலோ இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. அவற்றை மாற்றி வைத்தால் பணிவும் ஆணவமாகத் தோன்றிவிடும்.

'ஷுட்' என்பது பொதுவான அறிவுரை. கேட்பவர் ஏற்கலாம், விடலாம். 'ஆட் டு' என்பதும் ஏறக்குறைய அதுவே. எனினும் கடமை என்னும் சாயல் அதில் சற்று மிகுதி. 'மஸ்ட்' என்பதோ கட்டாயத்தைக் குறிக்கும்.

நம்மவர் இடறும் இடம் 'ஹேட் பெட்டர்' என்பதாகும். இளைஞர் ஒருவர் தம் மேலதிகாரிக்கு மடல் வரைவதாகக் கொள்வோம். 'தாங்கள் நாளைக்குள் விடை தந்தால் நல்லது' என்பதே அவர் உள்ளத்திலுள்ள வேண்டுகோள். 'நல்லது' என்பதற்குப் பொருத்தமெனக் கருதி, 'யூ ஹேட் பெட்டர் ரிப்ளை பை டுமாரோ' என்று எழுதிவிடுகிறார். படிப்பவருக்கோ, 'விடை தராவிடில் தீங்கு நேரும்' என்னும் எச்சரிக்கையாகவே அது ஒலிக்கும். 'குடை எடுத்துப் போ, இல்லையேல் நனைவாய்' என்னும் கருத்தில் தாய் தன் பிள்ளைக்குச் சொல்ல அது ஏற்றது, மேலோரிடம் ஏற்றதன்று. அவர்களிடம் 'குட் யூ ப்ளீஸ்' எனத் தொடங்குவதே முறை. மேலும், 'ஹேட்' இறந்தகால வடிவமாயினும், இத்தொடர் இப்போது அல்லது இனிச் செய்ய வேண்டியதையே குறிக்கும். அதன்பின் 'டு' வராது.

இனி விருப்பத்தை நோக்குவோம். 'ஐ உட் ராதர் ஸ்டே' என்றால் 'தங்குவதையே விரும்புகிறேன்' என்பது பொருள். இங்கும் 'டு' இல்லை. பிறர் தங்குவதை விரும்பினால், வினை இறந்தகால வடிவம் பெறும்: 'ஐ உட் ராதர் யூ ஸ்டேட்.' ஒன்றைப் பணிவாக மறுக்க, 'ஐ உட் ராதர் நாட்' என்றாலே போதும்.

'தேநீரைவிடக் காப்பியே விருப்பம்' என்பதிலுள்ள 'விட' நம்மை ஏமாற்றும். அதை எண்ணி, 'பிரிஃபர்' என்னும் வினையோடு 'தேன்' என்னும் ஒப்பீட்டுச் சொல்லைச் சேர்ப்போர் பலர். 'ஐ பிரிஃபர் காபி டு டீ' என்பதே சரி. 'தேன்' என்பது 'ராதர்' உடன் வருவது.

எழுத்துப் பிழையை ஆசிரியர் திருத்துவார். மரியாதைப் பிழையை எவரும் எடுத்துச் சொல்லார்; மனத்தாங்கல் மட்டுமே மிஞ்சும். 'வா', 'வாருங்கள்' என்னும் வேறுபாட்டை மழலைப் பருவத்திலேயே கற்பிக்கும் நாம், ஆங்கிலத்தில் 'யூ' என்பது ஒன்றே என்பதை மறத்தலாகாது. அம்மொழியில் மரியாதை பெரிதும் இத்துணைவினைகளிலேயே குடிகொண்டுள்ளது. அதனையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.