பழைய காசெட்டில் தூங்கும் படங்கள்

புனே-லோனாவாலா லோக்கலில் தாபோடிக்கும் பிம்ப்ரிக்கும் நடுவே உள்ளது கசார்வாடி. இங்கே வீடு மாற்றும்போது பழைய காசெட்டுகளைப் பங்கார்வாலாவிடம் எடைக்குப் போடுகிறவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

1980-களில் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 'ஸ்பெக்ட்ரம் பிளஸ்' கம்ப்யூட்டரை இந்தியாவில் விற்றது. டி.வி. பெட்டிதான் அதற்குத் திரை. பிள்ளைகள் வரைந்த படங்கள் சாதாரணப் பாட்டு காசெட்டிலேயே பதிவாயின.

ஒரு படம் 6,912 பைட். அகலம் 256 புள்ளி, உயரம் 192. மொத்தம் 15 வர்ணம்.

மீட்பது எப்படி?

பழைய கம்ப்யூட்டர் ஓடாவிட்டாலும் கவலை இல்லை. டேப் ரிகார்டரிலிருந்து இன்றைய கம்ப்யூட்டருக்கு ஒயர் கொடுத்து, காசெட்டின் இரைச்சலை அப்படியே பதிவு செய்ய வேண்டும். 'எமுலேட்டர்' புரோகிராம் அதைப் படமாக்கிக் காட்டும்.

அதை 1987-ல் வந்த 'ஜிஃப்' முறையிலோ, 'பி.என்.ஜி.' முறையிலோ சேமித்தால் செல்போனிலும் பார்க்கலாம். ஒரே வர்ணம் தொடர்ந்து வரும் இடங்களை இவை சுருக்கி எழுதும். ஒரு புள்ளியும் கெடாது. போட்டோவுக்கு ஏற்ற 'ஜேபெக்' இதற்கு ஆகாது, ஓரங்கள் மங்கும். பெரிதாக்கினால் இரண்டு, மூன்று என்று முழு மடங்காகவே பெரிதாக்க வேண்டும்.

காசெட் நாடாவில் பூஞ்சை ஏறிவிட்டால் படம் கெட்டுப்போகலாம். மகன் பத்து வயதில் போட்ட கோலம் அதில் இருக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒரு தரம் ஓடவிட்டுக் கேளுங்கள். பாட்டுக்குப் பதில் கீச்சென்று இரைந்தால், பத்திரமாக எடுத்து வையுங்கள்!