வேண்டாம் என்று சொல்ல ஒருவர்

63.5 கிலோ எடையுள்ள இரும்புச் சுத்தியல் ஒன்றை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிடுகிறார்கள். கீழே, தோண்டிய துளைக்குள், கம்பியின் நுனியில் ஒரு குழாய் நிற்கிறது. ஒவ்வோர் அடிக்கும் அது மண்ணுக்குள் கொஞ்சம் இறங்குகிறது. மொத்தம் 45 செ.மீ. இறங்க வேண்டும். முதல் 15 செ.மீ.க்கு விழுந்த அடிகள் கணக்கில் சேராது. துளை போடும்போது கலைந்துபோன மண் அது. மீதி 30 செ.மீ.க்கு எத்தனை அடி என்பதைத்தான் நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். மண் பரிசோதனையில் பொறியாளர் முதலில் தேடும் எண் இதுதான். (63.5 என்ற விநோதமான எடைக்குப் பின்னால் மர்மம் ஏதுமில்லை. 140 பவுண்டைக் கிலோவாக்கினால் அதுதான் வரும்.)

மணலில் அந்த எண்ணிக்கை 10-க்குக் கீழே இருந்தால் மண் தளர்வு. 30-ஐத் தாண்டினால் நல்ல இறுக்கம். வெளியே எடுத்த குழாய் நீளவாக்கில் இரண்டாகத் திறக்கும். உள்ளே மண் உருளையாக உட்கார்ந்திருக்கும். அது கரிசலாக இருந்தால் வேறு கவலை. கரிசலில் உள்ள களிமண் தாதுக்கள் மெல்லிய தகடுகளாக அடுக்கியவை. மழையில் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து மண் வீங்கும். கோடையில் சுருங்கிப் பிளக்கும். மேலே நிற்கும் சுவரும் கூடவே பிளக்கும். அங்கே சாதாரண அஸ்திவாரம் உதவாது. அடியில் குடம்போல் விரிந்த பைல் போட வேண்டியிருக்கும். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணை மனத்தில் வைத்துத்தான் அந்த பைலில் நிறைய வேலை செய்தது.

இவ்வளவு செய்தும் மனையில் எதுவும் மாறவில்லை என்பதுதான் வேடிக்கை. நேற்று இருந்த அதே மண்தான் இன்றும் இருக்கிறது. செங்கல் வாங்கினால் செங்கல் வரும், கம்பி வாங்கினால் கம்பி வரும். இங்கே பணம் கொடுத்து வாங்கியது ஒரு விடை. அதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஹோவர்ட் 1966-இல் இதற்கு ஒரு கணக்கு எழுதினார். தகவலின் மதிப்பு, அது எவ்வளவு துல்லியம் என்பதோடு முடிவதில்லை. அதைக் கேட்டபின் நாம் செய்யப்போவது மாறுமா என்பதையும் பொறுத்தது. விடை எதுவானாலும் செய்வது ஒன்றுதான் என்றால், அந்தத் தகவலின் விலை பூஜ்யம்.

மனை வாங்கும் ஒருவரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் கற்பனை. மனை 60 லட்சம். பத்திரத்தில் சிக்கல் இருக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு. சிக்கல் வந்தால் 20 லட்சம் நஷ்டம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் சராசரியாக 2 லட்சம் ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். பத்துச் சிக்கலில் எட்டைக் கண்டுபிடிக்கும் வக்கீல் ஒருவர் கிடைத்தால், அவருடைய ஒப்பீனியன் 1.6 லட்சம் பெறும். ஃபீஸ் 20 ஆயிரம் என்றால் வாரிக்கொண்டு போகலாம்.

நம் ஊரில் நடப்பது வேறு. மனை பிடித்துவிட்டது, வேறு பார்ட்டி வருகிறார்கள் என்று புரோக்கர் சொல்கிறார், உடனே 5 லட்சம் அட்வான்ஸ் கைமாறுகிறது. பத்திர நகல் வக்கீலிடம் போவது அதற்கப்புறம். அட்வான்ஸ் திரும்பி வராது என்று வையுங்கள். இப்போது வக்கீல் 'வேண்டாம்' என்றால் மிச்சமாவது 20 லட்சம் இல்லை, 15 லட்சம்தான். அதே வக்கீல், அதே காகிதம். ஒப்பீனியனின் மதிப்பு 1.2 லட்சமாகச் சரிந்துவிட்டது. 'அட்வான்ஸ் கொடுத்தாச்சு, பூஜைக்கு நாளும் குறிச்சாச்சு, இனி என்ன சொன்னாலும் வாங்கத்தான் போறோம்' என்று வீட்டில் முடிவாகிவிட்டால் பூஜ்யம். ஃபீஸைத் தண்டமாகக் கட்டுகிறோம்.

வாஸ்து பார்ப்பவரை ஹோவர்டின் கணக்கில் எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறேன். அவர் சொல் முடிவை மாற்றுகிறது, சந்தேகமே இல்லை. சமையலறையே இடம் மாறுகிறது. ஆனால் தகவலுக்கு இன்னொரு தகுதியும் வேண்டும். மண்ணோ பத்திரமோ எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப விடை மாற வேண்டும். சுத்தியல் அடியில் அது நடக்கிறது.

வக்கீல் எட்டைக் கண்டுபிடிப்பார், இரண்டைத் தவறவிடுவார் என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் பதிவானவை மட்டும்தான் தெரியும். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. பதியாத உயில் வில்லங்கச் சான்றில் வராது. பூர்விகச் சொத்தில் மகளுக்குள்ள பங்கும் வராது. தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுதுக்குமாக 2005-இலும் சட்டம் திருத்தி மகள்களுக்குக் கொடுத்த உரிமை அது. மைனரின் சொத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் கார்டியன் விற்றிருந்தால், விற்ற பத்திரம் சுத்தமாகப் பதிவாகியிருக்கும். பையன் மேஜராகி மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். நல்ல வக்கீல் தாய்ப்பத்திரத்தை வாசித்துவிட்டு வாரிசுச் சான்றிதழ் கேட்பார், விற்றவருக்கு அக்கா தங்கை உண்டா என்று விசாரிப்பார். ஃபீஸ் அந்தக் கேள்விகளுக்குத்தான்.

'பேங்க் வக்கீலே பார்த்துட்டார்' என்று நிம்மதியடைபவர்கள் உண்டு. அவர் பார்த்தது வங்கிக்காக. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முதலில் கரைவது நீங்கள் போட்ட 20 சதவீதம். வங்கியின் கேள்வி 'என் கடன் திரும்புமா?' உங்கள் கேள்வி அதைவிடப் பெரியது.

சொல்பவருக்கு எந்த விடையில் லாபம் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்தில் சுமார் 1 லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். ஏஜென்ட்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளரின் அதேமாதிரி வீட்டைவிட சுமார் 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள், 3.7 சதவீதம் அதிக விலை பெற்றார்கள். ஏஜென்ட் திருடர் என்று இதற்கு அர்த்தமில்லை. 6 சதவீதக் கமிஷன் இரு தரப்புக்கும் கம்பெனிக்கும் பிரிந்து, அவர் கைக்கு வருவது 1.5 சதவீதம். இன்னும் பத்து நாள் அலைந்து 10,000 டாலர் கூட வாங்கிக் கொடுத்தால் அவருக்கு 150 டாலர். சொந்த வீடென்றால் கிட்டத்தட்ட முழுத்தொகையும் அவருடையது.

வாங்குபவர் பக்கம் இது இன்னும் கோணல். ஒரு சதவீதக் கமிஷனில் 60 லட்சத்துக்கு 60,000 ரூபாய். புரோக்கர் உங்களுக்காகப் பேரம் பேசி 2 லட்சம் குறைத்தால் அவருக்கு 2,000 நஷ்டம். 'இது வேண்டாம் சார்' என்றால் 60,000-மும் போச்சு. அப்படியும் வேண்டாம் என்று சொல்லும் புரோக்கர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அடுத்த மனைக்கும் உங்களையே எதிர்பார்ப்பவர்கள். இந்த ஒரு தடவைக்குப் பிறகு அவரைப் பார்க்கப்போவதில்லை என்றால், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரே ஃபீஸ் பெறுபவரிடம்தான் 'வாங்கலாமா' என்று கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்றைய நிலையில் பத்திரப் பதிவுக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் கட்டுகிறோம். இவ்வளவு வாங்கிக்கொள்ளும் அரசு, சொத்து உங்களுடையதுதான் என்று உறுதி தருவதில்லை. இன்னாருக்கு இன்னார் எழுதிக்கொடுத்தார் என்பதை மட்டும் பதிகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் 1858-இல் கொண்டுவந்த முறை வேறு: அரசுப் பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், அதற்கு அரசே பொறுப்பு. பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டியதில்லை. நம்மூரில் ஒரு கிரவுண்டு ஐந்து கை மாறினால், அதே தாய்ப்பத்திரத்தை ஐந்து வக்கீல்கள் முதலிலிருந்து வாசித்து ஐந்து ஃபீஸ் வாங்குகிறார்கள். ஆறாவதாக வாங்க வருபவருக்கு அந்த ஐந்து ஒப்பீனியன்களில் ஒன்றுகூடக் கைக்குக் கிடைக்காது.