தில்லி விமான நிலையத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை: வெளிநாட்டு மாணவர்கள் அறிய வேண்டியவை

புதுதில்லி: உயர்கல்விக்காக இந்தியா வரும் வெளிநாட்டு மாணவர்கள் பலர், தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தில் நள்ளிரவிலோ அதிகாலையிலோ வந்திறங்குகின்றனர். அங்கிருந்து தில்லி பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்துக்குப் பாதுகாப்பாகச் செல்வது எப்படி?

மெட்ரோ ரயில்: மூன்றாவது முனையத்தில் விமான நிலைய விரைவு மெட்ரோவில் ஏறினால் சுமார் 20 நிமிடங்களில் புதுதில்லி நிலையத்தை அடையலாம். அங்கு மஞ்சள் வழித்தடத்துக்கு மாறி, சமய்பூர் பாத்லி நோக்கிச் செல்லும் ரயிலில் பயணித்தால் ஆறாவது நிலையம் விஸ்வவித்யாலயா. வளாகம் அதன் அருகிலேயே உள்ளது.

இரவு நேரம்: நள்ளிரவில் மெட்ரோ இயங்காது. அப்போது வருவோர் முனையத்திலுள்ள முன்கட்டண டாக்சி மையத்தை அணுகலாம். சேருமிடத்தை அடையும் வரை ரசீதை ஓட்டுநரிடம் ஒப்படைக்கக் கூடாது. 'விடுதி மூடப்பட்டுவிட்டது' எனக் கூறி வேறிடத்துக்கு அழைத்தால், விடுதியைத் தொலைபேசியில் தொடர்புகொண்டு உறுதி செய்ய வேண்டும். இதற்காக விடுதி முகவரியையும் தொலைபேசி எண்ணையும் காகிதத்தில் எழுதி வைத்திருப்பது நலம். அவசர உதவிக்கு 112.

பதிவு கட்டாயம்: வளாகத்தை அடைந்ததும் கடமை முடிந்துவிடுவதில்லை. 180 நாள்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருவோர், 14 நாள்களுக்குள் வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகத்தில் இணையவழியில் பதிவு செய்ய வேண்டும். தங்குமிடம் அளிப்பவர் 24 மணி நேரத்துக்குள் உரிய படிவத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். அதனை மாணவர்கள் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். பதிவு தாமதமானால் அபராதம் செலுத்த நேரிடலாம்.