அன்று தோளில் தூக்கினாங்க, அடுத்து துரோகின்னாங்க! பூட்டியா மீது கொல்கத்தா ரசிகர்களுக்கு என்ன கோபம்?

வேலூர்:

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் ஒருவருக்கு பக்கத்து கம்பெனியில் மாசம் ஆயிரம் ரூபாய் கூட கிடைத்தால் என்ன செய்வார்? கணக்கை முடித்துக் கொண்டு அங்கே போய்விடுவார். யாரும் அவரை துரோகி என்று சொல்ல மாட்டார்கள். "குடும்பம் இருக்கு, பாவம்" என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் அதையே ஒரு கால்பந்து வீரர் செய்தால் கதையே வேறு!

சென்னையின் எப்.சி. அணிக்கு 2016-ல் சின்னப் பையனாக வந்தவர் அனிருத் தாபா. 2018-ல் சென்னை அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றபோது அணியில் இருந்தார். பிறகு கேப்டனும் ஆனார். 2023-ல் கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு போய்விட்டார். ஏழு வருஷம் நம்ம ஆளு என்று கைதட்டிய ரசிகனுக்கு மனசு ஆறுமா?

இதைப் போல பல மடங்கு பெரிய கூத்து கொல்கத்தாவில் நடந்திருக்கிறது. அதன் நாயகன் பாய்ச்சுங் பூட்டியா.

இரண்டு அணி, இரண்டு கட்சி

கொல்கத்தாவும் நம்ம பக்கம் மாதிரி தோல் தொழிலுக்கு பேர் போன ஊர். ஆனால் அந்த ஊரை இரண்டாகப் பிரிப்பது கால்பந்து.

மோகன் பகான் 1889-ல் தொடங்கிய கிளப். ஈஸ்ட் பெங்கால் 1920-ல் வந்தது. கிழக்கு வங்காளத்தில் (இன்றைய வங்காளதேசம்) இருந்து பிழைக்க வந்தவர்களும், பிரிவினையில் வீடு வாசலை விட்டு அகதிகளாக வந்தவர்களும் ஈஸ்ட் பெங்காலை தங்கள் சொந்த ஊராகவே நினைத்தார்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் இல்ஷா மீன் குழம்பு, மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்பது அங்கே பழக்கம்.

இது வெறும் விளையாட்டுச் சண்டை அல்ல. 1980 ஆகஸ்ட் 16-ந் தேதி ஈடன் கார்டன் மைதானத்தில் இந்த இரு அணிகள் மோதியபோது ரசிகர்களுக்குள் கலவரம் வெடித்தது. நெரிசலில் சிக்கி 16 ரசிகர்கள் பலியானார்கள். அந்த நாளில் அவர்கள் நினைவாக இன்றும் ரத்த தானம் நடக்கிறது.

இப்படிப்பட்ட இரண்டு அணிக்கும் மாறி மாறி ஆடியவர்தான் பூட்டியா.

1.31 லட்சம் பேர் முன்னால்...

சிக்கிம் மாநில மலை கிராமத்தில் 1976-ல் பிறந்தவர் பூட்டியா. பள்ளிக்கூட வயசிலேயே, 1993-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்துவிட்டார். நடுவில் பஞ்சாபின் ஜே.சி.டி. அணிக்கு போய்விட்டு 1997-ல் திரும்பினார்.

அந்த வருஷம் ஜூலை 13-ந் தேதி பெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக் மைதானத்தில் 1 லட்சத்து 31 ஆயிரம் பேர் திரண்டார்கள். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா ஆட்டத்துக்கு முன்பு பூட்டியாவை "சுங் சுங்" என்று கிண்டல் செய்திருந்தார். பூட்டியா வாயைத் திறக்கவில்லை. மூன்று கோல் போட்டார்! ஈஸ்ட் பெங்கால் 4-1 என ஜெயித்தது.

அன்றிலிருந்து ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களுக்கு அவர் குலதெய்வம்.

1999-ல் இங்கிலாந்தின் பரி கிளப்புக்கு போனார். அப்போது யாரும் கோபப்படவில்லை. நம்ம பையன் சீமைக்கு போறான் என்று பெருமைதான். ஆனால் 2002-ல் திரும்பி வந்து அவர் கையெழுத்து போட்ட இடம் மோகன் பகான்! வெளிநாடு போனால் பெருமை, எதிர் வீட்டுக்கு போனால் துரோகம். இதுதான் ரசிகன் கணக்கு.

அந்த சீசன் காயத்தில் வீணானது. 2003-ல் மறுபடி ஈஸ்ட் பெங்கால். ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கிளப் போட்டியில் 9 கோல் அடித்து கோப்பையை வாங்கிக் கொடுத்தார். பழைய கோபம் பறந்தே போச்சு!

ஆனால் 2006-ல் மறுபடியும் மோகன் பகான்.

டான்சில் வெடித்த சண்டை

இப்போது மோகன் பகான் ரசிகர்கள் தலையில் வைத்து ஆடினார்கள். அதுவும் நிலைக்கவில்லை. 2009-ல் பூட்டியா டி.வி. நடனப் போட்டி ஒன்றில் கலந்து கொண்டார். பட்டமும் ஜெயித்தார். கிளப் நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. மனக்கசப்பு முற்றி, இனி மோகன் பகானுக்கு ஆட மாட்டேன் என்று அறிவித்துவிட்டு ஈஸ்ட் பெங்காலுக்கே போனார். ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது என்று மோகன் பகான் மல்லுக்கு நின்றது. பஞ்சாயத்து கால்பந்து சம்மேளனம் வரை போனது.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. வீரர்களுக்காக 2006-ல் தொடங்கப்பட்ட சங்கத்துக்கு முதல் தலைவர் இதே பூட்டியாதான். சம்பள பாக்கி, ஒப்பந்தத் தகராறு என்று வீரர்கள் படும் பாட்டை அவர் அறிவார். அவர் கண்ணில் வீரனும் கூலிக்கு உழைக்கும் தொழிலாளிதான்.

பன்றித் தலை வீசிய ரசிகர்கள்

உலகம் பூராவும் இதே கதைதான். 2000-ல் பார்சிலோனாவை விட்டு பரம எதிரி ரியல் மாட்ரிட்டுக்கு போனார் லூயிஸ் பிகோ. 2002-ல் அவர் பார்சிலோனா மைதானத்தில் கார்னர் அடிக்க வந்தபோது பாட்டிலோடு பன்றித் தலையையும் வீசினார்கள். ஆட்டமே கொஞ்ச நேரம் நின்றது.

ஏன் இவ்வளவு வெறி? காரணம் சுலபம். வீரனால் அணி மாற முடியும். ரசிகனால் முடியாது. அப்பன் எந்த அணியோ அதே அணிதான் பிள்ளைக்கும். அதுவும் அகதியாக வந்த குடும்பத்துக்கு கடைசியாக மிஞ்சிய சொத்தே அந்த சிவப்பு - மஞ்சள் சட்டைதான். அதை ஒருவர் கழற்றி வைத்தால் வலிக்கத்தானே செய்யும்?

வீரன் பக்கமும் நியாயம் இருக்கிறது. கால்பந்து காலுக்கு ஆயுசு பத்து பதினைந்து வருஷம்தான். முட்டி போனால் எந்த ரசிகனும் வீட்டு வாடகை கட்ட மாட்டான்.

2012 ஜனவரி 10-ந் தேதி பூட்டியாவுக்கு வழியனுப்பு ஆட்டம் நடந்தது. எதிரணி ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக். இந்தியா 0-4 என தோற்றது. அந்த ஆட்டம் நடந்த இடம் கொல்கத்தா அல்ல, டெல்லி. அன்று அவர் போட்டிருந்தது ஈஸ்ட் பெங்கால் சட்டையும் இல்லை, மோகன் பகான் சட்டையும் இல்லை. இந்திய அணியின் நீலச் சட்டை. அந்த சட்டையில் மட்டும் அவரை யாரும் துரோகி என்று சொன்னதில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மைதானங்களில் ஓடும் பசங்களில் ஒருத்தன் நாளைக்கு பெரிய அணிக்கு போகலாம். அங்கிருந்து வேறு அணிக்கும் போகலாம். திட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம், அவன் கூலியையும் நினைத்துப் பார்க்கணும்.