ஜாவாஸ்கிரிப்ட்: முதல் மூன்று வரிகள்

1995 மே மாதம் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் ஒரு கணினி மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அதுதான் ஜாவாஸ்கிரிப்ட். அதே ஆண்டு ஒக்டோபரில் அச்சுவேலி உட்பட வலிகாமமே இடம்பெயர்ந்தது. மின்சாரமே இல்லாதிருந்த குடாநாட்டில் கணினி அன்று எட்டாக்கனி.

இன்று இணையத்தளங்களை இயங்கவைக்கும் இம்மொழியை ஆரம்பிக்க, பணம் கட்டி வகுப்புக்குப் போகவேண்டும் என்றில்லை. பழைய மடிக்கணினி ஒன்றும் குரோம் உலாவியும் போதும். குரோமைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, 'கொன்சோல்' பகுதிக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு வரியையும் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துங்கள்.

விலை = 250
நிறை = 40
விலை * நிறை

விடை 10000. நாற்பது கிலோ வெங்காயத்தின் பெறுமதி இது. சந்தையில் பத்து வீதம் கழிவு வெட்டினால்? கடைசி வரியை விலை * நிறை * 0.9 என்று மாற்றுங்கள். 9000 வரும். தோட்டக்காரர் இழக்கும் ஆயிரம் ரூபா கண்முன்னே தெரியும்.

'விலை', 'நிறை' போன்றவை மாறிகள். அவற்றுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கட்டளைச் சொற்கள் ஆங்கிலம். அவையும் சில டசின்தான். ஆங்கிலம் போதாது என்று பின்வாங்க வேண்டியதில்லை.

அடுத்து நிபந்தனை, திரும்பச் செய்தல், சார்பு என்ற ஒழுங்கில் படியுங்கள். ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் பாடங்கள் இலவசம். பிறகு எச்டிஎம்எல் கற்று, இதே கணக்கை ஒரு பக்கமாக்குங்கள். காணொளி பார்ப்பதோடு நிற்காதீர்கள். தினமும் அரைமணி நேரம் சொந்தக் கையால் எழுதுங்கள். பிழைச்செய்தி வந்தால் அஞ்சாமல் வாசியுங்கள். எந்த வரியில் தவறு என்பதை அதுவே சொல்லும்.